காணிக்கை நெல்

செத்த நெல் முளைக்காது. இதைச் சொல்லத் தாவரவியல் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் எங்கள் தெருவில் அந்தப் பட்டத்தை வாங்கியவள் நான் ஒருத்திதான் என்பதால், சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சொல்லவும் சொன்னேன். சொன்ன பிறகு நான் செய்த காரியம்தான் இத்தனை வருஷமாக என் நெஞ்சை அரிக்கிறது.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கும் கடைமடை. தெருவில் எல்லோரும் பண்ணையாட்களாக இருந்தவர்கள், எல்லோரும் கிறிஸ்தவர்கள். அம்மாவுக்கு வாரம் முழுக்க வயல் வேலை, அதோடு கோயிலைப் பெருக்கித் துடைக்கும் வேலை. கோயில் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். நான் ஐந்து மைல் தள்ளியிருந்த மிஷன் பள்ளியில் அறிவியல் டீச்சர், இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. அந்தப் பள்ளிக்குத் தாளாளரும் எங்கள் சபைக்குப் போதகரும் ஒரே ஆள். ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் முக்காடு போட்டு உட்கார வேண்டும், திங்கட்கிழமை அவர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். வாரம் ஏழு நாளும் ஒரே முகம் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

மிராசுதாரின் பினாமி நிலத்திலிருந்து ஏழு ஏக்கர் பிரிந்து எங்கள் தெருவில் ஏழு குடும்பங்களுக்கு வந்தது அந்த வருஷம்தான். சும்மா வந்துவிடவில்லை. கூலி உயர்வுக்குக் கொடி பிடித்து, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய், ஆட்சி மாறி, உச்சவரம்புச் சட்டம் வந்து, கடைசியில் ஒரு மந்திரி மேடை போட்டுப் பட்டா கொடுத்தார். மறுமாதமே மிராசுதார் கோர்ட்டுக்குப் போய்விட்டார். வழக்கு முடியும்வரை பட்டா வாங்கியவர்கள் பயிர் செய்யலாம், தரிசாகப் போட்டால் பட்டா ரத்து என்று உத்தரவு வந்தது. எந்த வயலில் என்ன பயிர் என்று அடங்கலில் எழுதும் கர்ணம், மிராசுதார் வீட்டு மோரைக் குடித்து வளர்ந்தவர். ‘தரிசு’ என்று எழுதப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷம் பயிர் தவறினால் நிலம் போச்சு. அந்த ஏழு பட்டாவில் ஒன்று அம்மாவுடையது.

நிலம் கிடைத்தது, விதை இல்லை. எங்கள் ஜனங்களுக்கு உழத் தெரியும், நாற்றுப் பறிக்கத் தெரியும், வயலில் நிற்கும் கதிரைத் தொட்டுப் பார்த்தே எத்தனை நாளில் அறுக்கலாம் என்று சொல்லத் தெரியும். விதை வைக்க மட்டும் தெரியாது. தலைமுறை தலைமுறையாக விதை மிராசுதார் வீட்டுப் பத்தாயத்தில்தான் இருந்தது. அதைக் காய வைத்ததும், பதர் தூற்றியதும், வேப்பிலை போட்டு மூடியதும் அந்த வீட்டுக்குள்ளே நடந்த காரியங்கள். எங்கள் கைக்கு வந்த நெல்லெல்லாம் களத்தில் அளந்து போட்ட கூலி நெல். ஈரத்தோடு வரும், மறுநாளே அவித்துக் குத்திவிடுவோம். ஏழெட்டு மாதம் நெல்லை உயிரோடு வைத்திருக்க வேண்டிய அவசியம் எங்களில் யாருக்கும் அதுவரை வந்ததில்லை.

இங்கேதான் போதகர் நுழைந்தார். அவருக்கு அறிவியல் என்றால் ஒரு வெறி. தெரிந்துகொள்ளும் வெறி இல்லை, மடக்கும் வெறி. மனுஷன் சந்திரனுக்குப் போனால் அதற்கு ஒரு வசனம் வைத்திருந்தார், அணுகுண்டுக்கு ஒரு வசனம், மழை பெய்வதற்கு ஒரு வசனம். எல்லாம் அப்போதே எழுதியாகிவிட்டது, வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடித்தான் என்பார். கண்டுபிடித்த பிறகுதான் அந்த வசனம் அவர் கண்ணில் பட்டது என்பதை நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். வெளியில் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

இந்த வெறிக்கு ஒரு காரணம் இருந்தது. கடைத்தெருவில் மாதம் ஒரு பகுத்தறிவுக் கூட்டம் நடக்கும். ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர்தான் பேசுவார், பெரிய மீசைக்காரர். சூரியனைப் படைப்பதற்கு மூன்று நாள் முன்னாடியே வெளிச்சம் எங்கிருந்து வந்தது, யார் விளக்கு ஏற்றினார் என்று கேட்பார். கூட்டம் சிரிக்கும். ஒருநாள் அந்தச் சிரிப்புக்கு நடுவில் போதகர் சைக்கிளில் போக வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு அறுபட்ட மூக்கு அவருக்கு ஒட்டவே இல்லை.

தை மாதம் அறுப்புப் பண்டிகையில் ஜனங்கள் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்த நெல் ஐந்து மூட்டை இருந்தது. வழக்கமாக ஏலம் விட்டுவிடுவார்கள். அந்த வருஷம் போதகர் ஏலம் விடாமல் கோயிலுக்குப் பின்னாலிருந்த தகரக்கூரை அறையில் அடுக்கி வைத்திருந்தார். ஆவணி பிறந்ததும் ஏழு குடும்பத்தையும் கூப்பிட்டு, இதுதான் உங்கள் விதை, ஜெபம் பண்ணித் தருகிறேன், விதையுங்கள் என்றார். ஜனங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தோடு நிறுத்தியிருந்தால் தேவலை. மறுவாரம் கடைத்தெருவில் செயலாளரைப் பார்த்து, ஆண்டவருக்குக் கொடுத்த நெல் முளைத்து வரும்போது உங்கள் பகுத்தறிவு எங்கே போகிறது பார்க்கலாம் என்று சவால் விட்டுவிட்டு வந்தார். முளைத்தால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று அவரும் பதிலுக்குச் சொல்லிவிட்டார். ஏழு குடும்பத்தின் நிலம் இரண்டு ஆம்பளைகளின் வாய்ச் சண்டைக்குக் கரும்பலகை ஆயிற்று.

நான் அந்த மூட்டைகளிலிருந்து ஒரு பிடி எடுத்துவந்து பள்ளி ஆய்வகத்தில் சோதித்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நூறு நெல்லை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வைத்தேன். ஐந்தாம் நாள் பிரித்தால் ஒன்பது முளைத்திருந்தது. மற்றதெல்லாம் பூசணம். ஈரக் கூலி நெல்லைச் சாக்கில் கட்டி, பங்குனி சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே ஏழு மாதம் வேக வைத்தால் வேறென்ன ஆகும்? எங்கள் பக்கம் புழுதி விதைப்பு. உழுத மண் காய்ந்து கிடக்கும்போதே விதையைத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருப்போம். முளைக்கவில்லை என்று புரட்டாசி மழைக்குப் பிறகுதான் தெரியும். அதற்குள் அடைமழை பிடித்துக்கொள்ளும், மறுபடி விதைக்க வழியே கிடையாது.

துணியைச் சுருட்டிக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனேன். பார்த்தார். முகம் மாறவே இல்லை.

“ஏம்மா, நிலத்துல விழுந்த மணி செத்தாத்தான் பலன் கொடுக்கும்னு வேதத்துல வருதே, நீ ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வர்றதில்லையா?” என்றார்.

“விதை சாகாதுங்க ஐயா. உள்ள மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கும். செத்துட்டா அழுகிரும்” என்றேன். அதோடு நிறுத்தாமல், “ஆண்டவரு விதையைப் பத்திப் பாடம் நடத்தலைங்க. தன்னோட சாவைப் பத்திச் சொன்னாரு” என்றும் சொல்லிவிட்டேன்.

எனக்கு வேதம் சொல்லித்தருகிறாயா என்று அவர் கேட்கவில்லை. அதைவிட மோசமாக, என் வேலை நிரந்தரமாகும் காகிதம் அவர் மேஜையில் இருப்பதாகவும், வருகிற ஞாயிறு விதை ஜெபத்தில் விஞ்ஞானமும் வேதமும் ஒன்றுதான் என்று நான் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றும் சாவதானமாகச் சொன்னார். அந்த வசனத்தைச் சொன்னவர் அங்கே இருந்திருந்தால் என் பக்கம்தான் நின்றிருப்பார் என்று எனக்கு இப்போதும் நிச்சயம்.

தெருவில் போய்ச் சொன்னேன். நூறில் ஒன்பதுதான் முளைத்தது என்று துணியை விரித்தே காட்டினேன். கேட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தாங்கள் கொடுத்த காணிக்கையை நான் செத்தது என்கிறேன் என்பதுதான் அவர்கள் காதில் விழுந்தது. படித்த திமிர் என்றார்கள். எங்கள் ஏக்கருக்கு அடுத்த ஏக்கர் ஒரு விதவைக்குக் கிடைத்திருந்தது. என்னைவிட நான்கு வயது சின்னவள், என்னை அக்கா என்று கூப்பிடுபவள். அவள் மட்டும் துணியைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். ஐயா சொல்லும்போது நான் எப்படிக்கா மாட்டேன்னு சொல்வேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பிறகு மீசைக்காரரிடம் போனேன். கூட்டுறவுச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். விதை நெல் கடனாகக் கொடுக்க அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். துணியைப் பார்த்ததும் மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். விஞ்ஞானம் ஜெயித்துவிட்டது என்றார். அப்படியானால் விதை கொடுங்கள் என்றேன்.

“அழுகட்டும் டீச்சர். அப்பத்தான் அந்த ஜனங்களுக்குப் புத்தி வரும்.”

“புத்தி வர்றப்ப நிலம் இருக்காதுங்களே.”

“நிலத்துக்கு இன்னொரு போராட்டம் பண்ணிக்கலாம். மூடநம்பிக்கையை ஒழிக்க இப்படி ஒரு சந்தர்ப்பம் திரும்பக் கிடைக்குமா?”

அந்த டீயை அவர் மூஞ்சியில் ஊற்றாமல் வந்தது என் வாழ்க்கையில் நான் காட்டிய மிகப் பெரிய பொறுமை. ஒருவர் கையில் வேதம், இன்னொருவர் கையில் விஞ்ஞானம். இரண்டு பேருக்கும் அந்த ஏழு ஏக்கரில் நெல் வேண்டாம், ஜெயிப்பு வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது ஆத்திரத்தில் அழுதேன்.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆணியிலிருந்த சாவியைப் பார்த்தாள். நெல்லை மாற்றி வைத்துவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். ஜெபமும் காணிக்கையும் என்று உருகுகிற அம்மாவா இதைச் சொல்கிறாள்?

“ஆண்டவரு பாத்துக்குவாருன்னு எனக்கும் தெரியும். ஆனா அவருக்கு மூட்ட தூக்க ஆளு வேணும்ல” என்றாள்.

ஆடுதுறைப் பக்கம் விதைப் பண்ணை ஒன்றில் என்னோடு படித்தவள் வேலை பார்த்தாள். அவள் மூலமாக ஐந்து மூட்டை நல்ல விதை வாங்கினேன். வெள்ளிக்கிழமை போதகர் ஏதோ கூட்டத்துக்குத் தஞ்சாவூர் போயிருந்தார். தெரு முழுக்க வேலைக்குப் போயிருந்த உச்சிப் பொழுதில் வேன் வந்தது. அம்மாவும் நானும் டிரைவரும் சேர்ந்து காணிக்கை நெல்லைக் கொட்டிவிட்டு, அதே சாக்குகளில் புது விதையை நிரப்பினோம். புது நெல் பளபளவென்று இருந்தது. எங்கள் தெருப் பெண்கள் ஒரு மணியைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார்கள். அம்மா பழைய நெல்லில் கொஞ்சம் அள்ளி மேலாகக் கலந்தாள், அறையின் மூலையிலிருந்த தூசியைக் கூட்டி எடுத்து அதன்மேல் தூவினாள். செத்த நெல் வேனிலேயே மில்லுக்குப் போயிற்று. சோற்றுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போதகர் மூட்டைகள் மேல் கை வைத்து ஜெபம் பண்ணினார். பிறகு என்னை எழுப்பினார். ஏழு குடும்பமும் என்னையே பார்த்தது. நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்: இந்த மூட்டையில் இருக்கிற நெல் முளைக்கும். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அந்த மெய்யைப் போலப் பெரிய பொய்யை நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

மழை பெய்தது. ஏழு ஏக்கரும் பச்சென்று முளைத்தது. கர்ணம் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் ‘சம்பா’ என்று எழுதினார். ஜனங்கள் வரப்பில் முழங்கால் போட்டு அழுதார்கள். நானும் அழுதேன். மீசைக்காரர் மீசையை எடுக்கவில்லை. நானும் போதகரும் முதலிலேயே பேசி வைத்துக்கொண்டு நாடகம் ஆடினோம் என்று மேடையில் பேசினார். என் பெயரைச் சொல்லிக் கைக்கூலி என்றார்.

போதகர் ஒரு துண்டுப் பிரசுரம் அச்சடித்தார். ஈரத்துணியும் அதில் இருந்தது, நூறில் ஒன்பதும் இருந்தது. பட்டம் பெற்ற ஒரு ஆசிரியை விஞ்ஞான முறைப்படி சோதித்து, விதை செத்துவிட்டது என்று ஐயமற நிரூபித்தார், அந்தச் செத்த விதையை ஆண்டவர் எழுப்பினார் என்று எழுதியிருந்தது. நான் சோதிக்காமல் இருந்திருந்தால் அது வெறும் விளைச்சல். நான் சோதித்ததால் அற்புதம். என் அறிவியலை இதைவிடக் கேவலமாக யாரும் பயன்படுத்தியிருக்க முடியாது. அதற்குச் சாக்கு எடுத்துக் கொடுத்தவள் நானே.

உண்மையைச் சொன்னால் அம்மாவின் கோயில் வேலை போகும், என் வேலை போகும், திருட்டுப் பட்டமும் வரும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். என் வேலை நிரந்தரமாயிற்று. மறுவருஷமே தஞ்சாவூரில் ஒரு மிஷன் பள்ளிக்கு என்னைத் தலைமை ஆசிரியையாகப் போட்டார்கள். அற்புதத்துக்குச் சாட்சி சொன்னதற்குக் கிடைத்த கூலி அது. எனக்கு அது புரியாமல் இல்லை. வாங்கிக்கொண்டேன்.

அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பு, ஈஸ்டருக்குக் கோயிலுக்குப் போயிருந்தேன். தகரக்கூரை அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஏழு மூட்டைகள். தங்கள் சொந்த நிலத்தில் விளைந்த முதல் நெல்லிலிருந்து விதைக்கென்று எடுத்து, களத்து ஈரத்தோடு அப்படியே கட்டி, ஆண்டவர் காவலில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். போன வருஷம் இங்கே இருந்த நெல்தானே எழுந்தது? கையை மூட்டைக்குள் விட்டேன். உள்ளே சூடு ஏறியிருந்தது.

வெளியே வந்தேன். தெரு முழுக்க அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. தலைமை ஆசிரியை உத்தரவு என் கைப்பையில் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மட்டும், வீட்டில் இருக்கிற நெல்லிலிருந்து நம் விதையைத் தனியாக எடுத்து மூன்று நாள் வெயிலில் காய வைத்து, வேப்பிலை போட்டுப் பானையில் மூடி வை என்றேன். அங்கே இருக்கிற நம் மூட்டை அங்கேயே இருக்கட்டும், எடுத்தால் கேள்வி வரும் என்றேன். மற்றவர்களுக்குச் சொல்லட்டுமா என்று அம்மா கேட்டாள். சொன்னால் போன வருஷம் எப்படி முளைத்தது என்று கேட்பார்கள், நீ சும்மா இரு என்றேன். அப்படித்தான் சொன்னேன், வேறு மாதிரி சொன்னதாக என்னால் எழுத முடியாது.

அந்த வருஷ மழையும் நன்றாகத்தான் பெய்தது. ஆறு ஏக்கர் சேறாகக் கிடக்க, நடுவில் எங்கள் ஏக்கர் மட்டும் பச்சையாக நின்றது. கர்ணம் குடை பிடித்துக்கொண்டு வந்து, ஆறு இடத்தில் ‘தரிசு’ என்று எழுதினார். இது ஜனங்களின் விசுவாசக் குறைவு என்று போதகர் பிரசங்கம் பண்ணினாராம். தை பிறப்பதற்குள் ஆறு பட்டாவும் ரத்தாகி நிலம் மிராசுதாரிடமே திரும்பிப் போயிற்று.

அடுத்த ஏக்கர்க்காரி என்னைத் தேடித் தஞ்சாவூருக்கு வந்தாள். தலைமை ஆசிரியை அறையில் நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. காலில் செருப்பு இல்லாமல் நின்றாள்.

“ஒங்க வயலு எப்படி முளைச்சுதுன்னு கேக்க வரல. அம்மா மூணு நாளு நெல்லு காயப்போட்டதப் பாத்தேன், சோத்துக்குன்னு நெனச்சேன். எங்களுக்கு ஏன் சொல்லல, அதக் கேக்கத்தான் வந்தேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். வேன் வந்தது, மூட்டை மாற்றியது, தூசி தூவியது, ஈஸ்டர் அன்று கையை விட்டுப் பார்த்தது, அம்மாவின் வாயை அடைத்தது, ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் போதகரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதுதான் நிஜம். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப எங்க நிலத்த எடுத்தது மிராசுதாரு இல்ல, டீச்சர்” என்றாள்.

அக்கா என்று சொல்லவில்லை. நான் ஏதோ சொல்ல எழுந்தேன், அவள் அதற்குள் வராண்டாவைத் தாண்டிவிட்டாள்.

அம்மாவுக்குப் பிறகு அந்த ஏக்கர் என் பெயருக்கு மாறியது. சுற்றிலும் மிராசுதார் வீட்டு நிலம். எங்கள் தெருவிலிருந்து ஒருத்தியும் அதில் களையெடுக்க இறங்குவதில்லை. வருஷா வருஷம் வெளியூரிலிருந்துதான் ஆள் கூட்டி வருகிறேன்.